வியா டொலேடோ: நேப்பிள்ஸின் பழைய கடைவீதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போகிறவர்கள் வியா டொலேடோவில் கால் வைக்காமல் திரும்புவது அரிது. வடக்கே தாந்தே சதுக்கத்தில் தொடங்கி, தெற்கே அரண்மனைக்குப் பக்கத்தில் த்ரியெஸ்தே எ த்ரெந்தோ சதுக்கத்தில் முடிகிற தெரு அது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம். பலர் அப்படித்தான் நடந்து முடிக்கிறார்கள். துணிக்கடை, செருப்புக்கடை, கைப்பேசிக் கடை, ஐஸ்கிரீம் கடை என்று பார்த்துவிட்டு, "எல்லா ஊரிலும் இருக்கிற கடைகள்தானே இங்கேயும்" என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு நகரம் உலாவித் தேய்த்த தெரு அது.

முதலில் அந்தத் தெரு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற தவறுகளில் பாதி, இது தெரியாததால் வருபவை. ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாக நேப்பிள்ஸை ஆண்ட பெத்ரோ தெ டொலேடோ 1536-இல் போட்ட சாலை இது. அதற்கு முன் நகரின் மேற்கு மதில் ஓடியது ஏறக்குறைய இதே வழியில். நகரை மேற்கே விரித்தபோது மதிலின் இடத்தைத் தெரு பிடித்துக்கொண்டது. ஆகவே இன்றும் அதன் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு ஊர்கள்போல இருக்கும். கிழக்கே, கிரேக்கர் காலத்திலிருந்து வருகிற பழைய நகரம். மேற்கே, குன்றின் சரிவில் ஸ்பானியப் படைவீரர்களைத் தங்கவைக்கக் கட்டம் கட்டமாக எழுப்பிய குவார்த்தியெரி ஸ்பன்யோலி, அதாவது ஸ்பானியக் குடியிருப்புகள். நேர்கோட்டில் மட்டும் நடந்தால் இந்த இரண்டும் கண்ணில் படாது. இருபதடிக்கு ஒருமுறை பக்கத்துச் சந்துக்குள் திரும்பிப் பாருங்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. இத்தாலி ஒன்றானபின், 1870-இல் இதற்கு வியா ரோமா என்று பெயர் மாற்றினார்கள்; 1980-இல்தான் பழைய பெயர் திரும்பியது. பழைய வரைபடத்திலோ வயதானவர் ஒருவர் வழி சொல்லும்போதோ "வியா ரோமா" என்று வந்தால், அது இதே தெருதான்.

கீழிருந்து தொடங்குவது

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் துறைமுகத்துப் பக்கமிருந்து வந்து, தெற்கு முனையில் ஏறத் தொடங்குகிறார்கள். நான் தாந்தே சதுக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். தெரு மெல்லச் சரிந்து இறங்குவதால் கால் வலிக்காது. கடைசியில் அரண்மனையும் அதற்கு அப்பால் கடல்காற்றும் கிடைக்கும். வளைந்த முகப்போடு நிற்கும் அந்தச் சதுக்கம் 18-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வன்விதெல்லி வடிவமைத்தது. அங்கிருந்து சற்று இறங்கினால் இடப்புறம் ஒரு முக்கோணச் சதுக்கமும் தோரியா தாங்ரி மாளிகையும் வரும். இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்தி 1860 செப்டம்பர் 7 அன்று நேப்பிள்ஸுக்குள் நுழைந்து, இந்த மாளிகையின் மாடத்தில் நின்றுதான் மக்களிடம் பேசினார். சதுக்கத்தின் பெயரே "செப்டம்பர் ஏழு". கீழே கடைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் மாடத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மேல்பகுதியில் வண்டிகள் ஓடும், கீழ்ப்பகுதிதான் நடப்பவர்களுக்கானது. நடப்பவர்களுக்கானது என்று சொன்னாலும் குறுக்குச் சந்துகளிலிருந்து ஸ்கூட்டர்கள் பாய்ந்து வரும். குழந்தையின் கையை விடாதீர்கள்.

தவறான நேரத்தில் போவது

பெரிய நிறுவனக் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் சிறிய, குடும்பம் நடத்துகிற கடைகள் மதியம் ஒன்றரை வாக்கில் அடைத்து நான்கு, நான்கரைக்குத்தான் திறக்கும். கையுறை, குடை, கழுத்துப்பட்டை போன்றவற்றைச் சிறு கடைகளில் வாங்க நினைத்து மதியம் மூன்று மணிக்கு வந்தால் இரும்புக் கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் உள்ளூர்க்காரர்களே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது பல கடைகள் விடுமுறை. தள்ளுபடிக் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, ஜூலைத் தொடக்கத்தில் ஒன்று. அதற்குச் சில நாள் முன்பு போய் முழு விலை கொடுக்காதீர்கள்.

தெருவைத் தெருவாகப் பார்க்க வேண்டுமானால் மாலை ஆறு மணிக்குமேல் போங்கள். தாத்தா, பாட்டி, தள்ளுவண்டிக் குழந்தை, புதுச்சட்டை போட்ட இளைஞர் கூட்டம் எல்லாரும் எங்கேயும் போய்ச் சேரும் அவசரமில்லாமல் நடப்பார்கள். இந்த உலாவுக்கு "ஸ்த்ரூஷோ" என்று ஒரு சொல் உண்டு. உரசல் என்று பொருள். முன்பெல்லாம் புனித வாரத்தில் பெரிய வியாழனன்று இந்தத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மக்கள் தேவாலயம் தேவாலயமாக நடந்து போவார்கள். நெரிசலில் காலணிகளும் பட்டுப் பாவாடைகளும் தரையில் உரசிய சத்தம்தான் சொல்லாயிற்று என்கிறார்கள். இன்றைய மாலைக் கூட்டத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறப் பார்ப்பது பெரிய தவறு. அதன் வேகத்துக்கு நாமும் வந்துவிட வேண்டும்.

ரயில் வேண்டாம் என்பதால் ரயில் நிலையத்துக்குள் இறங்காதது

நடுவழியில் டொலேடோ மெட்ரோ நிலையம் இருக்கிறது. "நாங்கள் நடந்தே போகிறோம், மெட்ரோ எதற்கு" என்று தாண்டிப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லும் என் மனது. ஒரு பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு இறங்குங்கள். ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஓஸ்கார் துஸ்கெத்ஸ் வடிவமைத்து 2012-இல் திறந்த நிலையம் இது. ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம். மேல்தளம் சாலையின் தாரைப்போலக் கருப்பு. அடுத்து, நகரம் முழுக்க எந்தக் கல்லால் கட்டப்பட்டதோ அந்த எரிமலைக் கல்லின் மஞ்சள். இன்னும் இறங்கினால் கடல்மட்டம் வருகிற இடத்தில் சுவர்கள் நீலமாகிவிடும். சின்னஞ்சிறு ஓடுகள் கீழே போகப்போக அடர்நீலம் ஆகும். நகரும் படிக்கட்டின் தலைக்குமேல் ஒரு பெரிய கூம்புத் துளை தெருவரை நீண்டு, பகல் வெளிச்சத்தை அடியாழத்துக்குக் கொண்டுவருகிறது. தோண்டும்போது அகப்பட்ட அந்தப் பழைய மதிலின் ஒரு துண்டை மேல்தளத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். மேலே மதிலின் வழியில் நடந்து வந்தவர் கீழே அந்த மதிலையே பார்க்கலாம்.

இந்த நிலையத்துக்கு இன்னொரு வாசல் ஸ்பானியக் குடியிருப்புகளுக்குள், மொந்தேகல்வாரியோவில் திறக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேட்டில் ஏறாமல் நிலத்தடியாகவே போய் அங்கே வெளியேறலாம்.

ஸ்பானியக் குடியிருப்புகளுக்குப் பயப்படுவது, அல்லது காட்சிசாலை போலப் பார்ப்பது

ஒரு சாரார், "அந்தச் சந்துக்குள் போகாதே, திருடர்கள்" என்று கேட்ட கதையை நம்பி எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதும் கைப்பேசியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதிருப்பதும் எந்தக் கூட்டத்திலும் தேவைதான். அதற்குமேல் அஞ்ச வேண்டியதில்லை. பகலிலும் முன்மாலையிலும் அந்தச் சந்துகளில் உணவகங்களும் கூட்டமும் நிறைந்திருக்கும்.

இன்னொரு சாரார் செய்வது எனக்கு அதைவிடக் கசப்பானது. அங்கே தரைத்தளத்தில் "பாஸோ" என்ற ஒற்றை அறை வீடுகள் உண்டு. வாசற்கதவே சன்னல், திறந்தால் தெருவுக்கும் அடுப்புக்கும் இரண்டடி தூரம்தான். உள்ளே பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். திறந்த கதவைக் கண்டதும் கேமராவை நீட்டுகிறார்கள். நம் வீட்டுச் சமையலறையை வழியில் போகிறவர் படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? முகம் பார்த்து "பொன்ஜோர்னோ" சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் கேளுங்கள். பலர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். கயிற்றில் உலரும் துணியைப் படம் எடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை.

மரடோனாவின் பெரிய சுவரோவியம் இங்கேதான், எமானுவெலே தே தேயோ தெருவில். நாப்போலி அணி இரண்டாவது முறை இத்தாலியப் பட்டம் வென்ற 1990-இல் வரைந்தது. 2020-இல் அவர் இறந்தபின் அந்த இடம் கிட்டத்தட்டக் கோயிலாகிவிட்டது. மலரும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு அழுகிறவர்களை அங்கே பார்க்கலாம். அவர்கள் முன்னால் கிண்டலாகப் போஸ் கொடுக்க வேண்டாம்.

சைவம் என்று நம்பிச் சாப்பிடுவது

இதை நம்மவர்களுக்காகவே சொல்கிறேன். இந்தத் தெருவின் பெருமை ஸ்ஃபொல்யதெல்லா என்ற பலகாரம். சிப்பிபோல அடுக்கடுக்கான மேலோடு உள்ள ரிச்சா, மெத்தென்ற மேல்மாவு உள்ள ஃப்ரொல்லா என இரண்டு வகை. உள்ளே ரவை, ரிக்கோத்தா பாலாடை, சர்க்கரையில் ஊறிய பழத்துண்டு. பார்க்கச் சைவம். ஆனால் மரபான செய்முறையில், குறிப்பாக ரிச்சாவின் அடுக்குகளுக்கு, பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள். மிளகும் பாதாமும் போட்ட தராலி வளையங்களிலும் அதே கொழுப்புதான். பொரித்த பீட்சாவின் பூரணத்தில் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கலாம். பாபா என்ற பஞ்சு கேக் ரம்மில் ஊறியது. எனவே வாங்கும்முன் "சே ஸ்த்ரூத்தோ?" என்று கேளுங்கள், கொழுப்பு இருக்கிறதா என்று பொருள். உள்ளூரில் அதற்கே "சுன்யா" என்றும் பெயர். சாப்பிடலாம் என்கிறவர்கள் கண்ணாடிப் பெட்டியில் ஆறிக்கிடப்பதை வாங்காமல், அடுப்பிலிருந்து வரும்வரை காத்திருங்கள்.

காபிக் கடையில் நேராக நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது இன்னொரு தவறு. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. முனைச் சதுக்கத்தின் அலங்காரக் கடைகளில் வித்தியாசம் பல மடங்கு. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டித்தான் கேட்க வேண்டும். காபியோடு வரும் தண்ணீர் காபிக்கு முன் குடிப்பதற்கு. இரண்டு காபிக்குப் பணம் கட்டி ஒன்றை மட்டும் குடித்துவிட்டு, மற்றதை முகம் தெரியாத ஏழை ஒருவருக்காக விட்டுப் போகும் "சொஸ்பேசோ" என்ற வழக்கமும் இந்த ஊருடையது. ஒருமுறையாவது செய்துபாருங்கள்.

வாங்கும்போது

நடைபாதையில் துணி விரித்து விற்கும் போலிப் பைகளை வாங்காதீர்கள். இத்தாலியில் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம் உண்டு. 7,000 யூரோ வரை போகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 70 யூரோவுக்குமேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். சென்னை, கொழும்பு, லண்டன், சூரிச்சிலிருந்து வருபவருக்கு உண்டு. பாரிஸில் வசிப்பவருக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்முன் சுங்கச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். பலர் பெட்டியை அனுப்பிவிட்டு வந்து நின்று ஏமாறுகிறார்கள்.

காரவாஜ்ஜோவைத் தாண்டிப் போவது

பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் காலரியே திதாலியா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியர் காரவாஜ்ஜோ 1610-இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன் தீட்டிய "புனித உர்சுலாவின் மரணம்" என்ற ஓவியம் அங்கே இருக்கிறது. நெஞ்சில் தைத்த அம்பை அவள் குனிந்து வியப்போடு பார்க்கிறாள். பின்னால் இருளிலிருந்து எட்டிப் பார்க்கும் முகம் ஓவியருடையதே. 2022 வரை இது அதே தெருவில் செவாலோஸ் மாளிகையில் இருந்தது. பழைய வழிகாட்டி நூலை நம்பினால் தவறான வாசலில் நிற்பீர்கள். திங்களன்று விடுமுறை.

தெரு முடிகிற இடத்துக்குச் சற்றுமுன் இடப்புறம் 1890-இல் கட்டி முடித்த உம்பெர்த்தோ கண்ணாடிக் கூடம். எல்லாரும் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நடுத்தரையில் பதித்த பன்னிரண்டு ராசிகளைத் தேடுங்கள். நம்மவர் குழந்தைகளுக்குத் தம் ராசியைக் கண்டுபிடிப்பதில் தனி மகிழ்ச்சி. சான் கார்லோ தெருப் பக்க வாசலில் வெளியேறினால் எதிரே 1737-இல் திறந்த சான் கார்லோ இசையரங்கம்.

அங்கிருந்து வாடகைக் காரில் ஏறிவிடாதீர்கள். கண்ணாடிக் கூடத்துக்கு எதிர்ப்புறம் அவுகுஸ்தேயோ நிலையத்தில் 1928-இலிருந்து ஓடுகிற கயிற்று ரயில் நிற்கிறது. அதில் ஏறி வோமெரோ குன்றின் உச்சிக்குப் போய், சான் மர்த்தினோ மடத்துப் பக்கம் நடந்து, மேடையில் நின்று கீழே பாருங்கள். பழைய நகரைக் கத்தியால் கீறியதுபோல ஸ்பக்கநாப்போலித் தெரு ஓடும். அதற்கு இப்பால், கூரைகளுக்கு நடுவே, நீங்கள் நடந்துவந்த வழி.