கப்சாயின் பின்பக்க அப்சோபரை மாற்றியது: என் அனுபவம்
பின் அப்சோபர் (ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்டு குலுக்கலைத் தாங்கும் பாகம்) நன்றாக இருந்தால், கப்சாயின், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளின், வாலை அழுத்தி விட்டதும் மோட்டார் ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டும். என்னுடையது துள்ளிக்கொண்டே இருந்தது, அப்சோபர் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு வேறு. சீல் கசிந்து உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டால் ஸ்பிரிங்கை அடக்க ஒன்றுமில்லை, பினாங்கின் துன் சார்டோன் சாலை வளைவுகளில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கும்போது அது நன்றாகவே தெரியும்.

தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் நிறுவன அப்சோபர் ஜோடி வாங்கினேன். வாங்குமுன் பழையதை மேல் துளை மையத்திலிருந்து கீழ்த் துளை மையம் வரை அளந்துகொள்ளுங்கள். நீளம் கூடினால் மோட்டார் முன்பக்கம் சாயும். நடு ஸ்டாண்டு போட்டு, ஒரு பக்கம் மாட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினேன், சக்கரம் தொங்காமல் இருக்க.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, மோட்டார் உட்காரும் உயரம்தான் மாறும். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது அச்சிலிருந்து வால் வரை அளந்து, நான் ஏறி உட்கார்ந்ததும் மனைவியை மறுபடி அளக்கச் சொன்னேன். வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய 30 சதவீதம் வரும்வரை இரண்டு பக்கமும் சமமாகத் திருகினேன். ஆள் ஏற்றினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

ரீபவுண்டை (அழுந்திய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தை அடக்கும் அமைப்பை) அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், சக்கரம் கீழே இறங்குமுன் அடுத்த குழி வந்துவிடும். சில நாள் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.