ஒருமுறை வந்த காய்ச்சல் மறுபடி வராதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொசப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் மூன்று வருடத்து ரிப்போர்ட்டுகள். மூன்றிலும் டைபாய்டு. "ஒருதடவை வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும் என்பார்களே தம்பி, எனக்கு மட்டும் ஏன் வருடா வருடம் வருகிறது?" என்றார். அந்த ஒரு கேள்விக்குள் நான்கைந்து தவறுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. வேலூரில் பாதிப் பேர் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், சில சமயம் எங்கள் கூடத்துக்கு உள்ளேயும்.

அம்மைக் கணக்கை எல்லாக் காய்ச்சலுக்கும் போடுவது

வாசலில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிய வீட்டில், "இனி இவனுக்கு அம்மை போடாது" என்று பாட்டி சொன்னால் அதை நம்பலாம். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் ஆயுளுக்கும் வராது. சின்னம்மையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இவை வைரஸ்கள். பாக்டீரியாவின் விஷயத்தில் இந்த விதி பல இடங்களில் உடைந்துவிடுகிறது.

ஏன் என்று புரிய, உடம்பில் யாருக்கு நினைவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் வெள்ளை அணு நியூட்ரோஃபில். கிருமியைக் கண்டால் முதலில் ஓடிப்போய் விழுங்குவது அதுதான். ஆனால் ரத்தத்தில் அதன் வாழ்நாள் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். போன வருடத்துக் கிருமியின் முகத்தை அது எங்கே ஞாபகம் வைத்திருக்கப்போகிறது? குறிப்பிட்ட கிருமியை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது பி அணுக்களும் டி அணுக்களும். பி அணுக்களின் வழிவந்த சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்னும் புரதத்தை வருடக்கணக்கில் சுரந்துகொண்டிருக்கும். டி அணுக்களில் ஒரு பகுதி நினைவு அணுக்களாகத் தங்கி, அதே கிருமி மறுபடி நுழைந்தால் முதல் தடவையைவிட விரைவாகப் பெருகும்.

வேலூர்க்காரன் என்பதால் கோட்டை, அகழி, சிப்பாய் என்று உவமை சொல்ல எனக்கும் ஆசைதான். டைபாய்டுக்கு அந்த உவமை ஒத்துவராது. டைபாய்டு பாக்டீரியா சிறுகுடல் வழியாக நுழைந்து, தன்னை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் அணுவுக்குள்ளேயே உயிரோடு குடியிருக்கிறது. காவல்காரன் வீட்டுக் கொல்லையறையில் திருடன் வாடகையில்லாமல் தங்குவது போல. அங்கிருந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியால் அணுவுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. டி அணுக்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து தட்டி எழுப்பினால்தான், அந்த மேக்ரோஃபேஜ் தன் வயிற்றில் இருப்பதைக் கொல்லும் வேகம் பெறுகிறது.

ஆகவே ஒருமுறை டைபாய்டு வந்து தேறியவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, முழுப் பாதுகாப்பு இல்லை. உள்ளே போகும் கிருமியின் அளவு அதிகமானால் அந்தக் கொஞ்சமும் போதாது. 1960களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் சம்மதம் தந்தவர்களுக்குக் கிருமியைக் கொடுத்துச் சோதித்தபோது, முன்பே டைபாய்டு வந்து தேறியவர்களில் சிலர் மறுபடியும் படுக்கையில் விழுந்தார்கள்.

நீரில்லா ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது என்பதால் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியிலும் டிரம்மிலும் நாள்கணக்கில் சேர்த்து வைக்கிறோம். குழாயில் தண்ணீர் வருவது நிற்கும் நேரத்தில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படும். நினைவு அணுக்கள் எவ்வளவுதான் விழிப்பாக இருந்தாலும், தினமும் ஒரு சொம்பு அந்தத் தண்ணீரைக் குடித்தால் அவை என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. பாராடைபாய்டு என்பது நெருங்கிய உறவுக்காரக் கிருமியால் வரும் தனி நோய். காய்ச்சலின் முகம் ஒன்றுபோல இருக்கும், உடம்பின் நினைவுக்கோ அது வேறு ஆள். டைபாய்டு தடுப்பூசி குறிவைக்கும் மேலுறை பாராடைபாய்டு ஏ கிருமிக்குக் கிடையாது. அதனால் ஊசி போட்டவரையும் அது தாக்கும்.

நினைவை நோய் என்று படிப்பது

அக்காவின் பையில் இருந்த மூன்று ரிப்போர்ட்டுகளும் விடால் பரிசோதனை. 1896இல் வந்த முறை, இன்றும் நம் ஊர்த் தெருமுனைக் கூடங்களின் சோறு. இது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுகிறது. ஒருமுறை டைபாய்டு வந்துபோனவர் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி, குறிப்பாக எச் வகை, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கும். வேறு காய்ச்சல் வரும்போது அது கொஞ்சம் மேலே எழுவதும் உண்டு. டைபாய்டு அடிக்கடி வரும் ஊரில் காய்ச்சலே இல்லாதவரின் ரத்தத்திலும் அது கொஞ்சம் தெரியும். ஆகவே ஒரே ஒரு விடாலில் 1:160 என்று, அதாவது ரத்த நீரை 160 மடங்கு நீர்த்த பின்னும் ஆன்டிபாடி தெரிகிறது என்று எழுதியிருந்தால், "இப்போது டைபாய்டு" என்றும் பொருளாகலாம், "எப்போதோ டைபாய்டு" என்றும் பொருளாகலாம்.

இதில்தான் எனக்குக் கோபம் வரும். பாதுகாப்புக்காக உடம்பு சேர்த்து வைத்த நினைவையே நோய் என்று படித்து, அதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். சந்தேகம் தீர வேண்டுமானால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர் எடுக்க வேண்டும். அதுவும் முழுமையானது அல்ல. உண்மையான டைபாய்டு நோயாளிகளில் பாதிப் பேருக்குத்தான் அதில் கிருமி வளரும். ஆனால் வளர்ந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை, எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆன்டிபாடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைப்பதும் இதன் தம்பித் தவறு. இதற்குப் பதில் சொல்லும் நோய் நம் பக்கத்திலேயே இருந்தது. காட்பாடியைத் தாண்டிக் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கு மருத்துவம் நடக்கிறது. தொழுநோய்க் கிருமியும் மேக்ரோஃபேஜுக்குள் வாழ்வதுதான். டி அணுக்கள் நன்றாக வேலை செய்பவருக்கு ஒன்றிரண்டு தேமலோடு நோய் அடங்கி நிற்கிறது, கிருமியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அந்தக் கிருமியை டி அணுக்கள் கண்டுகொள்ளாதவருக்கு உடம்பெங்கும் கிருமி, கூடவே ரத்தம் நிறைய ஆன்டிபாடி. ஆன்டிபாடி இருந்தும் பயனில்லை.

வெள்ளை அணு எண்ணிக்கையைச் சக்தி என்று நினைப்பது

"எனக்கு வெள்ளை அணு பதினைந்தாயிரம், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அது சண்டை நடக்கிறது என்பதற்கான அறிகுறி, வலிமைக்கான சான்றிதழ் அல்ல. டைபாய்டில் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறுவதே இல்லை, குறையவும் செய்யும். இயோசினோஃபில் என்னும் வெள்ளை அணு வகை கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். நினைவு அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்பதைச் சாதாரண ரத்த எண்ணிக்கை காட்டவே காட்டாது. எதிர்ப்புச் சக்தி டானிக்கும் அவற்றுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

சூட்டுக் கட்டியை மாம்பழத்தின் தலையில் கட்டுவது

சித்திரை வெயிலில் நம் ஊரில் கட்டி வராத வீடு குறைவு. உடனே பங்கனப்பள்ளி மேல் பழி. மறுபடி மறுபடி வரும் கட்டிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. வியர்வை, உராய்வு, சிறு கீறல் ஆகியவை அதற்குக் கதவு திறந்துவிடுகின்றன. எத்தனை தடவை வந்தாலும் உடம்பு இதை எதிர்க்க நிலையான நினைவைக் கட்டுவது கடினம். தன் மேல் இருக்கும் ஒரு புரதத்தால் அது ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட ஆன்டிபாடியால் நியூட்ரோஃபிலைக் கூப்பிட முடியாது.

இங்கே நம்மைக் காப்பது நினைவே இல்லாத அந்த நியூட்ரோஃபில்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அதன் ஓட்டமும் விழுங்கும் திறனும் மந்தமாகிவிடும். ஒரே வருடத்தில் மூன்று நான்கு கட்டி வந்தவர் மாம்பழத்தை நிறுத்தும் முன் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்லது. அளவு ஏறியிருந்தால் மாம்பழத்தையும் குறைக்க வேண்டியதுதான். பாட்டி சொன்னது வேறு வழியில் சரியாகிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு டிடி

ஆணி குத்தினால் டிடி என்னும் டெட்டனஸ் ஊசி, தகரம் கீறினால் டிடி. "ஆறு மாதம் ஆகிவிட்டது, மறுபடி போடு" என்று என் அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். சிறுவயதில் நான் வாங்கிய ஊசிகளுக்குக் கணக்கே இல்லை. இந்த ஆறு மாதக் கணக்குத் தேவையற்றது. தடுப்பூசித் தவணைகளை முழுமையாக முடித்தவரின் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் அணுக்கள் வருடக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, டெட்டனஸ் ஆன்டிபாடி பாதியாகக் குறையவே சுமார் 11 ஆண்டுகள் ஆகிறது என்று கணக்கிட்டது. பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். மண்ணும் சாணியும் பட்ட ஆழமான காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் ஒன்று போடுவார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளில் டிடிக்குப் பதில், தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசியே போடப்படுகிறது.

எதிர்த்திசைத் தவறு இதைவிட ஆபத்தானது. "எனக்கு டெட்டனஸே வந்து பிழைத்துவிட்டேன், எனக்கு எதற்கு ஊசி?" என்பவர் தவறு செய்கிறார். டெட்டனஸ் கிருமி சுரக்கும் நச்சு அவ்வளவு கொடியது. ஆளைக் கொல்லும் அளவுகூட, நோய் எதிர்ப்பு அணுக்களை எழுப்பப் போதாத அளவு. பிழைத்தவர் உடம்பில் நினைவு உருவாவதில்லை. அவருக்கும் முழுத் தவணையும் வேண்டும்.

மருந்தை நடுவில் நிறுத்துவது

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேறி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி காய்ச்சல் வந்தால், அது புதிதாகத் தொற்றியதாக இல்லாமல், மேக்ரோஃபேஜுக்குள் ஒளிந்திருந்த பழைய கிருமியே எழுந்து வந்ததாக இருக்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கி, காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் மலத்தில் வெளியேறும். அப்படிப்பட்டவர் சமையல் செய்பவராக இருந்தால் மற்றவர் பாடு திண்டாட்டம். உடம்பு தானே எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதோ குடலில் ஓட்டை விழும்வரை கொண்டுபோய்விடும்.

அந்த நினைவை நோயில்லாமல் வாங்கத்தான் தடுப்பூசி. பழைய டைபாய்டு ஊசி கிருமியின் சர்க்கரை மேலுறையை மட்டும் காட்டியது. டி அணுக்களின் உதவி கிடைக்காததால் இரண்டு வயதுக்குக் கீழே பயனில்லை, நினைவும் நிற்கவில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்த ஊசி வந்தபின் ஆறு மாதக் குழந்தைக்கும் போட முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதைப் பரிந்துரைத்தது.

இனி அந்த அக்கா. மூன்றாவது தடவை மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆளை முழுதாகப் பார்த்தார். இடுப்பில் புடவைக் கட்டுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு. வலியில்லை என்பதால் அக்கா அதைச் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் முன்பு ஒடுகத்தூர் பக்கம் அண்ணன் வீட்டில் தங்கி, ஆடு மேய்க்கப் புதருக்குள் போயிருக்கிறார். ஸ்க்ரப் டைபஸ், புதரில் வாழும் சிறு உண்ணி கடித்து வருவது, நம் ஊர்ப் பேச்சில் உண்ணிக் காய்ச்சல். பெயர் ஒலிப்பதைத் தவிர டைபாய்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் கேட்கும். அசித்ரோமைசின் இரண்டுக்குமே கேட்கும் என்பதால், முந்தைய இரண்டு வருடங்களில் அதைச் சாப்பிட்டுத் தேறியிருந்தால், அவருக்கு வந்தது எது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் நல்ல பலன் என்று 2023இல் காட்டிய ஆய்வை நடத்தியதே வேலூர் சி.எம்.சி.தான்.

ஒரு வாரம் கழித்துத் தெம்பாக வந்தார். பழைய மஞ்சள் பை, உள்ளே புது ரிப்போர்ட். "இதுதான் வந்து போய்விட்டதே தம்பி, இனி உண்ணிக் காய்ச்சல் எனக்கு வராதுதானே?"

இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு, ஒரு வகைக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பு மற்ற வகைக்கு எதிராகச் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும், இதற்கு இன்னும் தடுப்பூசியும் இல்லை என்று சொன்னேன். புதருக்குள் போய் வந்தால் உடனே குளித்து, துணியை மாற்றச் சொன்னேன்.

"அப்படியானால் அந்த நினைவு அணு எதற்குத்தான் சம்பளம் வாங்குகிறது?" என்று கேட்டுவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.