சேம்பர்லின் பேட்டரியைப் பற்றி எழுதப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் கட்டுரையை அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் பேக்கர் கடற்கரையை ஒட்டி இருக்கும் சேம்பர்லின் பேட்டரி என்ற பழைய பீரங்கித் தளத்தைப் பற்றியது. படித்துக்கொண்டே வந்தவன் மூன்றாம் பத்தியில் நின்றுவிட்டேன். பல வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய அதே வரி, அதே தப்பு!

பேட்டரி என்றால் டார்ச்சில் போடுவது இல்லை, இங்குள்ள பீரங்கியின் ஆறு அங்குலம் என்பது குழாயின் உள்விட்டம், நீளம் இல்லை என்பதெல்லாம் இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்று நிற்பதுதான் அன்று நின்றது என்று எழுதுவது

"1904 முதல் கோல்டன் கேட் நீரிணையைக் காத்து நிற்கும் பீரங்கி." இதுதான் அந்த வரி. அங்கே போனவர்கள் ஏமாறுவதில் ஆச்சரியம் இல்லை. இயக்கிக் காட்டும் நாளில் போனால், எதிர் எடை கீழே இறங்க இறங்க, அவ்வளவு பெரிய குழாய் கான்கிரீட் சுவருக்கு மேலே எழுந்து கடலை எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் சுட்டதும் பின்னுதைப்பின் வேகத்திலேயே அது மறுபடி சுவருக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆட்கள் மறைவில் நின்று அடுத்த குண்டைப் போடுவார்கள். அதைப் பார்த்த பரவசத்தில், அதே பீரங்கி அங்கேயே நூறு வருடமாக இருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

நம்பியதோடு நின்றேனா? கைக்காசு போட்டு இருநூறு துண்டறிக்கை அச்சடித்தேன். அதை வாங்கிப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: "இந்தக் குழாய் 1905-ஆம் வருட மாடல். 1904-லேயே முடிந்த தளத்தில் இது எப்படி வந்தது?" எனக்குப் பேச்சு வரவில்லை. மிச்சத் தாள்களின் பின்பக்கத்தில் என் பிள்ளைகள் கணக்குப் போட்டுத் தீர்த்தார்கள்.

நடந்தது இதுதான். 1904-இல் இங்கே மறைந்து எழும் தாங்கிகளில் நான்கு பீரங்கிகள் இருந்தன. முதல் உலகப் போருக்குத் தேவை என்று 1917-இல் அவற்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1920-இல் வந்தவை இரண்டே இரண்டு, அதுவும் மறையாத சாதாரணத் தாங்கியில். அந்த இரண்டுதான் இரண்டாம் உலகப் போரையும் தாண்டி 1948 வரை இருந்தன. இப்போது நாம் படம் எடுக்கும் பீரங்கி ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்திடமிருந்து 1977-இல் வந்தது. அதாவது, இது இந்த இடத்திலிருந்து கடலைக் காத்ததே இல்லை.

கான்கிரீட்டின் வயதைப் பீரங்கிக்குப் போடாதீர்கள். பழைய படம் கிடைத்தால் முதலில் தாங்கியைப் பாருங்கள். மறையாத தாங்கி என்றால் அது 1920-க்குப் பிந்திய படம். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இன்னும் அந்த வரி வந்துகொண்டேதான் இருக்கிறது.

சேம்பர்லேன் இல்லை, சேம்பர்லின்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் புகழ்பெற்ற ஜோஷுவா சேம்பர்லேன் 1914 வரை உயிரோடு இருந்தார்; 1904-இல் முடிந்த தளம் அவர் நினைவாக இருக்க முடியாது. தளத்தின் பெயர் வேறு ஆளுடையது: அதே உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட பீரங்கிப் படை கேப்டன் லோவெல் சேம்பர்லின்.

போர்க்கப்பலோடு மோதவிடுவது

ஆறு அங்குலப் பீரங்கியை வைத்துப் பெரிய போர்க்கப்பலை மூழ்கடிக்கும் காட்சியை எழுதாதீர்கள். நீரிணைக்கு வெளியே கடலுக்கடியில் கண்ணிவெடிகள் போடும் திட்டம் இருந்தது. அவற்றை அகற்ற வரும் சிறு கப்பல்களை விரட்டுவதுதான் இதன் வேலை. பெரிய கப்பல்களுக்கு அக்கம்பக்கத்திலேயே பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் இருந்தன.

1904-இல் "கடலோரப் பீரங்கிப் படை"

அது தனிப் படையானது 1907-இல்.

விமானத்துக்குப் பயந்து மறைத்தார்கள்

ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903 டிசம்பரில்தான். அப்புறம், பீரங்கி நிற்கும் இடத்துக்கு மேலே கூரை கிடையாது. போய் அண்ணாந்து பாருங்கள்.