பழைய மெக்சிகோ தொடரைப் பார்ப்பது எப்படி: முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

தெலெநொவேலா, அதாவது லத்தீன் அமெரிக்காவின் ஸ்பானிய மொழி டிவி தொடர், ஒன்றை ஆசையாக ஆரம்பித்துவிட்டு நாலாவது எபிசோடிலேயே நிறுத்தியவர்கள் நிறையப் பேர். கதை நகரவே இல்லை, எந்நேரமும் யாராவது அழுகிறார்கள், நேற்று பார்த்த காட்சியே இன்றும் வருகிறது என்பார்கள். பார்க்கிற முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள், அதே தொடர் உங்களை விடாது.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 1979-80ல் மெக்சிகோவின் தெலெவிசா என்ற டிவி நிறுவனம் எடுத்த ‘லோஸ் ரிக்கோஸ் தம்பியென் யோரான்’, அதாவது பணக்காரர்களும் அழுவார்கள். கியூபாவைச் சேர்ந்த இனேஸ் ரோதேனாவின் கதை, வாலென்தின் பிம்ஸ்டைன் தயாரிப்பு, வெரோனிக்கா காஸ்த்ரோவும் ரொஹேலியோ கெர்ராவும் ஜோடி. அப்பாவையும் சொத்தையும் இழந்த மரியானா என்ற ஏழைப் பெண் மெக்சிகோ நகரத்துப் பணக்கார வீடு ஒன்றில் அடைக்கலமாக வருகிறாள், அந்த வீட்டு மகனையே மணக்கிறாள். பின்னால் கணவன் சந்தேகப்பட்டுப் பிரிந்துபோன நேரத்தில், புத்தி தடுமாறிய நிலையில், பெற்ற குழந்தையைத் தெருவில் லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிடுகிறாள். கொடுத்ததுகூடப் பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. அப்புறம் வருஷக்கணக்கில் தேடுகிறாள். 1991-92ல் இது ரஷ்யாவில் ஓடியபோது அங்கே ஊரே இதைப் பற்றித்தான் பேசியது. பிள்ளையைத் தேடும் தாயின் தவிப்பைப் புரிந்துகொள்ள மெக்சிகோவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லையே.

குழந்தை விஷயத்தை நான் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள். முக்கியமான ரகசியத்தை இந்தத் தொடர்கள் பார்ப்பவரிடம் மறைப்பதே இல்லை. நமக்கு எல்லாம் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. அதனால் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று காத்திருந்தால் சலிப்புதான் வரும். ‘இது யாருக்குத் தெரியும், யாருக்கு இன்னும் தெரியாது, தெரிந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை’ என்று பாருங்கள். ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, விஷயம் தெரியவந்தவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பத்து எபிசோட் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் கதை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இதில் இரண்டு பேரை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். ஒருவர் நானா, பிள்ளைகளை வளர்த்த வேலைக்காரம்மா. வீட்டு ரகசியம் பெரும்பாலும் அவளிடம்தான் இருக்கும், ஆனால் சொல்லும் இடத்தில் அவள் இல்லை. இன்னொருவர் பாதிரியார். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கையில், கேட்டதை அவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. உண்மை தெரிந்த ஒருவர் உண்மை தெரியாத குடும்பத்தோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியில் வசனமே வேண்டாம், அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

சரி, மொழிக்கு வருவோம். நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஸ்பானியத்தில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுமே ‘யூ’ ஆகிவிடும், பாதி நாடகம் அங்கேயே போய்விடும். ஸ்பானியம் துளியும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு சொல்லையும் காது பிடித்துவிட்டால் போதும், மீதியைத் தமிழ்க் காது தானே பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கினால் என்ன அர்த்தம், கோபத்தில் ‘நீ’ என்பதிலிருந்து ‘நீங்கள்’ என்பதற்கு ஏறினால் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பல நேரம் ‘தூ’ என்ற சொல்லே வராமல் வினைச்சொல் மட்டும் மாறும், அதுவும் போகப் போகப் பழகிவிடும். கூடவே ‘சென்யோரா’ என்ற சொல்லையும் கேளுங்கள். தெரியாத பெண்ணையும் நாம் மரியாதைக்கு ‘அம்மா’ என்போமே, அந்த மாதிரிச் சொல், பெற்ற தாய் என்ற அர்த்தம் அதில் இல்லை. எதிரே நிற்பது தன் தாய் என்று தெரியாத மகன் அப்படித்தானே கூப்பிடுவான்? அந்தச் சொல் விழும்போதெல்லாம் தாயின் முகத்தைப் பாருங்கள். எனக்கு இந்தத் தொடரில் பிடித்ததே அதுதான்.

நடிப்பு நின்று நின்று வருவது போலத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. மெக்சிகோ தொடர்களில் நடிகர் காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும், வேறொருவர் வசனத்தை எடுத்துக் கொடுக்க, அதைக் கேட்டுக்கொண்டே இவர் பேசுவார். பட்டாணி மாதிரி இருப்பதால் அதற்கு ‘சீச்சரோ’ என்றே பெயர், பட்டாணி என்றுதான் அர்த்தம். வேகவேகமாக எடுத்துத் தள்ள வேண்டிய வேலைக்கு அது கைகொடுத்தது. காதில் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணில் நீர் வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் அந்த நடிகர்கள் மேல் மரியாதை கூடும்.

ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், மிஞ்சினால் இரண்டு. வார நாட்களில் தினமும் கொஞ்சமாகப் பார்க்கவே எழுதியது அது. ஒரே மூச்சில் எட்டு பார்த்தால் அழுகை மரத்துப்போகும். எபிசோட் முடிவில் ஒருவர் முகத்தில் காட்சி நிற்கும், அடுத்ததன் தொடக்கத்தில் அதே காட்சி திரும்ப வரும், அதை ஓட்டிவிடுங்கள், தப்பில்லை.

மகன் பேத்தோவாக வருபவர் கியேர்மோ கபெத்தியோ. அவருக்கும் அம்மாவாக நடித்த காஸ்த்ரோவுக்கும் வயது வித்தியாசம் ஆறு ஆண்டுகூட இல்லை, 1987ல் வேறொரு தொடரில் இருவரும் காதலர்களாகவே நடித்தார்கள். இது முதலில் உறுத்தும். நான்கைந்து காட்சிகளில் மறந்துவிடுவீர்கள், அந்த அளவுக்குக் காஸ்த்ரோ தாயாகவே மாறியிருப்பார்.

படம் மங்கலாக இருக்கிறது, பழசு ஒத்துவரவில்லை என்பவர்கள் 1995ல் தாலியா நடித்த ‘மரியா லா தெல் பார்ரியோ’வைப் பார்க்கலாம். அதே கதைதான், வேகம் அதிகம், வில்லி சொராயாவாக இத்தாத்தி கான்தொரால் மிரட்டியிருப்பார். 2022ல் பழைய பெயரிலேயே இன்னொன்றும் வந்தது. ஆனால் முடிந்தால் 1979தான் முதலில். கடைசி எபிசோடை மட்டும் அவசரத்தில் பார்க்காதீர்கள், யாரும் குறுக்கே வராத ஒரு ராத்திரிக்கு எடுத்து வையுங்கள், அந்தப் பெயர்த் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் இன்னும் புள்ளி விழாத பெயர்கள் இருக்கும்.