நாயோடு சேர்ந்து பெரிய கேள்விகளை ஆராய்வது எப்படி

நான் யார், நீதி என்றால் என்ன, எல்லாருக்கும் உலகம் ஒன்றுதானா? இப்படிப்பட்ட கேள்விகளை வெறும் வாயால் பேசினால் கால் மணி நேரத்தில் பேச்சு வற்றிவிடும். வீட்டில் நாய் இருந்தால் அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். மூன்று நான்கு பேர், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் வேண்டும்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நாய் செய்தது, வலப்பக்கம் நாம் நினைத்தது. ‘கோபித்துக்கொண்டது’ வலப்பக்கம் போகும். ‘காதைப் பின்னால் மடக்கி முகத்தைத் திருப்பியது’ இடப்பக்கம். இந்தக் கோடு கலைந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

உலகமும் காலமும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ அரை மணி நேர நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் கிளம்பாதீர்கள், பாதம் வெந்துவிடும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, மூன்று மீட்டர் கயிறு. வழியை நாய் முடிவு செய்யட்டும். மின்கம்பத்தடியில் அது ஒரு நிமிடம் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பத்தாவது விநாடியில் கயிற்றை இழுத்துவிடுகிறோம், கேள்வியும் அங்கேயே அறுந்துபோகிறது.

குனிந்து மூக்கைப் பாருங்கள். துளையின் ஓரத்தில் கமா போல ஒரு வெட்டு இருக்கும். மோப்பம் பிடிக்கும்போது மூச்சு அந்த ஓரவெட்டு வழியாக வெளியேறுவதால், உள்ளே வரும் வாசனை கலைவதில்லை. நேற்று வந்துபோன நாய் அந்தக் கம்பத்தடியில் மங்கலாக இன்னும் இருக்கிறது. தெருக்கோடியில் வருபவர் காற்றில் முன்கூட்டியே வந்துவிடுகிறார். அப்படியானால் நாயின் ‘இப்போது’ எவ்வளவு நீளம்? வீடு திரும்பியதும் பேச வேண்டியது இதைத்தான்.

நான் யார். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று விலங்குக்குப் புரிகிறதா என்பதைப் பார்ப்பது கண்ணாடிச் சோதனை. 1970இல் உளவியலாளர் கார்டன் கேலப் சிம்பன்சிகளுக்குச் செய்த அந்தச் சோதனையில் நாய்கள் தேறுவதில்லை. அதனால் அவற்றுக்குத் ‘தான்’ இல்லை என்று முடித்துவிட வேண்டாம்; கண்ணாடி கண்ணுக்கான சோதனை. 2017இல் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் வாசனையை வைத்துச் சோதித்தார். தன் சிறுநீரின் வாசனையில் வேறொன்று கலந்திருந்தால் நாய்கள் அதை நெடுநேரம் மோந்தன.

வீட்டில் இதன் எளிய வடிவம்: சோப்பு வாசனை இல்லாமல் வெந்நீரில் அலசிய மூன்று பருத்தித் துணிகள். ஒன்றில் உங்கள் நாய் ஓர் இரவு படுக்கட்டும், மற்றொன்றில் தடுப்பூசி போட்ட பக்கத்து வீட்டு நாய், மூன்றாவது சும்மா இருக்கட்டும். இடுக்கியால் எடுத்து ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கையால் தொட்டால் நாய் உங்களைத்தான் மோந்துகொண்டிருக்கும். எந்தத் துணியில் எத்தனை விநாடி என்று குறியுங்கள். சில நாய்கள் எப்போதும் ஒரே பக்கம் போகும். ஆகவே மூன்று நாள், இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தன் துணியைச் சீக்கிரம் விட்டுவிட்டால் அது தன்னை அறிந்ததாலா, பழகிய வாசனை என்பதாலா? இந்தச் சோதனை அதைப் பிரித்துச் சொல்லாது. விவாதத்துக்கு நல்ல இடம் அதுவே.

நீதி. வியன்னாவில் ஃப்ரீடெரிக்கே ராங்கே குழு செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. இரு நாய்கள் கை கொடுக்க, ஒன்றுக்கு மட்டும் தீனி. கிடைக்காத நாய் விரைவில் கை கொடுப்பதை நிறுத்தியது. ஆனால் ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்கு இறைச்சி என்றால் அவை பொருட்படுத்தவில்லை. இதை வீட்டில் செய்யாதீர்கள், சண்டை மூளும். ஆய்வை வாசித்துப் பேசினாலே ஒரு மாலை போதாது.

குற்ற உணர்வு. செருப்பைக் கடித்துவிட்டுத் தலை கவிழும் அந்த முகத்தைத்தான் எல்லாரும் சாட்சியாகக் காட்டுவார்கள். ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தப்பு செய்ததோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் அதிகம் தெரிந்தது. இதைச் சோதிக்க நாயைத் திட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை அந்த முகம் தெரியும்போது நாயை விட்டுவிட்டு உங்கள் தோளும் குரலும் எப்படி இருந்தன என்று இடப்பக்கத்தில் எழுதுங்கள்.