பழைய கேம்பர் வேனில் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதா? முதலில் கேஜை மாட்டுங்கள்

ஃபோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன்களில் பின்பக்கம் படுக்கைக்கு அடியில் இருக்கும் 1.9, 2.1 லிட்டர் வாட்டர்பாக்ஸர் எஞ்சினை (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும், தண்ணீரால் குளிரும் எஞ்சின்) வைத்து இந்தக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. இதில் 1.9 லிட்டர் எஞ்சின் 1982 இறுதியில் வந்தது. இந்த எஞ்சினோடு இன்று ஓடும் வண்டிகளில் இளையதற்கே முப்பது வயது தாண்டிவிட்டது. மலை ஏறி முடித்து, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கும். அல்லது நெடுஞ்சாலையில் போகும்போது பஸ்ஸர் கத்தும். உடனே 'பேரிங் போச்சு' என்று எஞ்சினை இறக்கச் சொல்வார்கள். ஆயில் பிரஷரை கேஜில் (அளவுமானியில்) அளந்து பார்க்காமல் அந்த முடிவுக்கு வர வேண்டாம்.

விளக்கும் பஸ்ஸரும் இரண்டு சுவிட்சுகளை நம்பி வேலை செய்கின்றன. இடப்பக்கம் புஷ்ராட் குழாய்களுக்கு நடுவே இருப்பது 0.3 பார் சுவிட்ச் (பார் என்பது பிரஷரின் அளவு). பிரஷர் இல்லாதபோது இது எர்த்தோடு சேர்ந்திருக்கும்; பிரஷர் ஏறியதும் விலகி விளக்கை அணைக்கும். கிராங்க் புல்லி பக்கம் இருப்பது 0.9 பார் சுவிட்ச். இது நேர் எதிர்: பிரஷர் வந்தால்தான் எர்த்தோடு சேரும். எஞ்சின் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) தாண்டிய பிறகும் இது சேரவில்லை என்றால், மீட்டருக்குப் பின்னால் உள்ள கண்ட்ரோல் யூனிட் விளக்கையும் பஸ்ஸரையும் போடும். ஆகவே ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) விளக்கு மட்டும் எரிந்தால் முதல் சுவிட்சின் பக்கமும், வேகத்தில் பஸ்ஸர் அடித்தால் இரண்டாவதன் பக்கமும் பாருங்கள். 0.9 சுவிட்சின் ஒயர் அறுந்தாலோ, முனை துருப்பிடித்தாலோ கூட பஸ்ஸர் அடிக்கும். பிரஷர் உண்மையில் நன்றாகவே இருக்கலாம்.

கேஜுக்கு முன்பு ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நம்பர் பிளேட் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எடுங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் அதுதான் பெரிய எச்சரிக்கை. மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அது ஆயிலின் கெட்டித்தன்மையைக் கெடுத்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த பிரஷர் சோதனையும் செய்யாதீர்கள்.

இப்போது கேஜ். 0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜ் போதும். சுவிட்ச் துளை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். அதே திரெட்டில் அடாப்டர் வாங்குங்கள். எஞ்சின் ஆறிய பிறகு 0.9 சுவிட்சைக் கழற்றி அங்கே மாட்டுங்கள். ஹோஸ் எக்ஸாஸ்ட் மீது படக்கூடாது. எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) அலுமினியம், கையால் முழுத் திரெட்டும் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். சுவிட்சைத் திரும்ப மாட்டும்போது திரெட்டில் டேப் சுற்றாதீர்கள். சுவிட்ச் எர்த் ஆவதே அந்தத் திரெட் வழியாகத்தான்.

குளிர்ந்த எஞ்சினில் ஒரு அளவு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆயில் 80 டிகிரி செல்சியஸ் ஆகும் வரை ஓட விடுங்கள். கூலண்ட் மீட்டரை நம்ப வேண்டாம். கூலண்ட் சூடாகி வெகு நேரம் கழித்துத்தான் ஆயில் சூடாகும். டிப்ஸ்டிக் குழாயில் நுழையும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. 80 டிகிரியில், 2000 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார் வர வேண்டும்.

வந்தால் எஞ்சின் நலம்; கோளாறு மின்சாரத்தில். 0.9 சுவிட்ச் ஒயரை எர்த்தில் தொட வைத்து, 2000-க்கு மேல் ரேஸ் செய்யுங்கள். பஸ்ஸர் நின்றால் சுவிட்ச் பழுது. நிற்காவிட்டால் ஒயர் அல்லது கண்ட்ரோல் யூனிட். இது சோதனைக்கு மட்டுமே. எர்த் செய்து பஸ்ஸரை ஊமையாக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினால், எஞ்சின் உயிர் போகும்போது சொல்ல ஆள் இருக்காது.

2 பார் வரவில்லை என்றால், குளிர்ந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். குளிரில் நன்றாக ஏறி, சூட்டில் மெல்ல இறங்கினால் தேய்ந்த பேரிங் அல்லது நீர்த்துப்போன ஆயில். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் ரிலீஃப் வால்வு (பிரஷர் அதிகமானால் திறந்து ஆயிலை வெளிவிடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது ஆயில் பம்ப் தேய்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் முள் விழுந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது.

ரிலீஃப் வால்வு எளிது, செலவில்லாதது. அதனால் அதை முதலில் பாருங்கள். கேஸின் அடியில் அகலமான வெட்டு உள்ள பிளக். அடியில் தட்டு வைத்துக் கழற்றினால் ஸ்பிரிங்கும் சிறிய பிஸ்டனும் வரும். பிஸ்டன் தானாக நழுவி வர வேண்டும். வராமல் ஒட்டியிருந்தால், பிஸ்டனிலோ துளையிலோ கீறல் இருக்கும். லேசான கீறலை ஆயில் தொட்ட நுண்ணிய எமரி தாளால் நீக்கலாம். ஆழமாக இருந்தால் புது பிஸ்டன்தான். சிலர் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து 'பிரஷர் ஏற்றுவார்கள்'. ஐடிலில் பிரஷர் விழும் நேரத்தில் அந்த வால்வு மூடியேதான் இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அங்கே ஒன்றும் மாறாது. குளிரில் பிரஷர் எகிறுவதுதான் மிச்சம்.

அடுத்து ஃபில்டரை மாற்றும்போது பழையதை வெட்டிப் பாருங்கள். ஹேக்ஸாவால் அறுத்தால் அதன் துகளே உள்ளே விழும். ஃபில்டர் கட்டரால் விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். மடிப்புத் தாளை வைஸில் பிழிந்து, வெள்ளைத் தாள் மேல் விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாமல் மின்னும் செதில் பேரிங்கினுடையது. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்து அடி உலோகமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த எஞ்சினை ஓட்டாதீர்கள்.

செதில் இல்லை, அளவு கொஞ்சம்தான் குறைவு என்றால், புது 20டபிள்யூ-50 ஆயில் 4.5 லிட்டர், புது ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 2 பார் தொட்டால் கொஞ்ச காலம் கிடைத்தது என்று அர்த்தம். தேய்மானம் தீர்ந்தது என்று அல்ல. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை கேஜ் பார்த்து எழுதி வையுங்கள்.

இன்னும் 2 பார் தொடவில்லை என்றால் ஆயில் பம்ப்பைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, நேர்ப்பட்டையைக் குறுக்கே வைத்து, கியருக்கும் பட்டைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.1 மி.மீ. தாண்டினால், அல்லது மூடியின் உட்புறத்தில் கியர் உரசிய வட்டப் பள்ளம் நகத்தில் தட்டினால், பம்பை மாற்றுங்கள்.

பம்பும் நலம், பிரஷர் மட்டும் இல்லை என்றால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். அப்போது பேரிங் மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். கேஸின் மெயின் பேரிங் துளைகள் முட்டை வடிவம் ஆகியிருந்தால் புது பேரிங்கும் நிற்காது. துளையை அளக்கச் சொல்லுங்கள். 2.1 எஞ்சினில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போல்ட்கள் நீண்டு அறுந்து கேஸையே உடைக்கும் பழக்கம் உண்டு. பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.