ஜனவரி சாம்பியன் ஆகாம குளிர்காலத்த ஓட்டுறது எப்படி

கனடா ஒண்டாரியோல சைக்கிள் ரோடு ரேஸ் சீசன் செப்டம்பரோட கிட்டத்தட்ட முடிஞ்சிடும், அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க பல பேருக்கு அடுத்த பெரிய ரேஸ்னா ஏப்ரல் கடைசில வர்ற பாரிஸ் டு ஆன்காஸ்டர்தான் (பிரான்ஸ் பாரிஸ் இல்ல, இங்க பிரான்ட்ஃபோர்ட் பக்கத்துல இருக்குற குட்டி பாரிஸ்). நடுவுல ஏழு மாசம். அதுல பாதி நாள் வெளிய பனி, டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், இந்த ஏழு மாசத்த என்ன பண்றதுன்னு தெரியாமதான் முக்கால்வாசி பேரு அடுத்த சீசன தொலைக்கிறாங்க, நானும் தொலைச்சிருக்கேன்.

எப்படின்னா, நவம்பர் மொத வாரமே ஸ்விஃப்ட்ல (வீட்டுக்குள்ள நின்ன எடத்துலயே மிதிச்சு ஆன்லைன்ல மத்தவங்களோட ஓட்டுற ஆப்) ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சிட்டேன், வாரத்துக்கு மூணு. ஜனவரில என் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கி ஓட்டக்கூடிய பவர்) அதுவரைக்கும் நான் பாக்காத நம்பர். டீம் பசங்க எல்லாம் "அண்ணா இந்த வருஷம் வேற லெவல்"னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். மார்ச்ல சைக்கிள பாத்தாலே எரிச்சல், தூக்கம் சரியில்ல, காலைல எந்திரிச்சா ஹார்ட் ரேட் வழக்கத்த விட எட்டு பத்து கூட. ஏப்ரல்ல ரேஸ் அன்னிக்கு மொத சேத்துப் பாதைலயே கூட்டம் என்ன விட்டுட்டுப் போயிடுச்சு, கடைசி மார்ட்டின் ரோடு ஏத்தத்துல எறங்கி சைக்கிள தள்ளிட்டு நடக்குறேன், அறுபது வயசு இருக்கும் ஒரு பெரியவரு, சீட்ல உக்காந்தபடியே மிதிச்சு என்ன தாண்டிப் போறாரு, போறப்ப "குட் ஜாப்"னு வேற சொல்லிட்டுப் போறாரு. அந்த குட் ஜாப் இன்னும் காதுல இருக்கு. அதனால கீழ சொல்றதெல்லாம் ஏப்ரல்ல காலு நிக்கணும்ங்குற ஒரே கணக்குல சொல்றது, ஜனவரில ஸ்க்ரீன்ஷாட் போடுறதுக்கு இல்ல.

மொதல்ல சைக்கிள மறங்க

கடைசி ரேஸ் முடிஞ்சதும் ரெண்டுலேருந்து மூணு வாரம் பிளான் எதுவும் வேண்டாம். ப்ரோ ஆளுங்களே அக்டோபர்ல இத்தாலில நடக்குற லோம்பார்டியா ரேஸ் முடிஞ்சதும் சில வாரம் சைக்கிள தொடாம இருக்காங்க, ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டு வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டுற நமக்கு என்ன. ஃபிட்னஸ் போயிடுமேன்னு பயப்படுவீங்க, கொஞ்சம் போகும்தான், மொத ரெண்டு வாரத்துல பெரும்பாலும் ரத்தத்துல இருக்குற பிளாஸ்மா அளவு குறையறதால வர்ற எறக்கம் அது, திரும்ப ஓட்ட ஆரம்பிச்சா சீக்கிரமே வந்துடும். தீபாவளி பெரும்பாலும் இந்த சமயத்துலதான் வருது, அதிரசம் சாப்பிடுங்க, முறுக்கு சாப்பிடுங்க, ரெண்டு கிலோ ஏறினா ஏறட்டும். வருஷம் முழுக்க ரேஸ் வெயிட்டுலயே இருக்கணும்னு நெனைக்கிறவன்தான் பிப்ரவரில சளி காய்ச்சல்னு படுக்குறான்.

இந்த வாரங்கள்ல செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. சீசன் முழுக்க "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்ட முட்டி வலி, முதுகு வலி இருந்தா பிசியோ கிட்ட காட்டுங்க. அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை, நம்ம டாக்டர் கிட்ட ஃபெரிட்டினும் (உடம்பு சேத்து வச்சிருக்குற இரும்புச்சத்தோட அளவு) வைட்டமின் டியும் சேத்து பாக்கச் சொல்லிக் கேளுங்க, இங்க குளிர்காலத்து வெயில்ல தோலு வைட்டமின் டி செய்யறது ரொம்ப கம்மி, நம்ம கலர் தோலுக்கு இன்னும் கம்மி. சைவம் சாப்பிடுறவங்க இரும்புச்சத்து விஷயத்துல அசட்டையா இருக்காதீங்க.

மெதுவா ஓட்டக் கத்துக்கறது

நவம்பர்லேருந்து ஜனவரி பாதி வரைக்கும் பேஸ், அடித்தளம் போடுற காலம். அதாவது ஸோன் 2 (பேசிக்கிட்டே ஓட்டக்கூடிய மெதுவான வேகம்), ஸோன் 2, மறுபடியும் ஸோன் 2. கணக்கு இப்படி: இருபது நிமிஷம் முழு மூச்சா ஓட்டி வர்ற சராசரி பவர்ல 95 சதவீதம் எஃப்டிபி. உங்களுக்கு 250 வாட்ஸ் வந்தா எஃப்டிபி 237. ஸோன் 2ங்கறது அதுல 56லேருந்து 75 சதவீதம், அதாவது 133லேருந்து 178 வாட்ஸ். டெஸ்ட்ட எந்த ட்ரெய்னர்ல (நின்ன எடத்துலயே மிதிக்க சைக்கிள மாட்டுற கருவி) ஓட்டப் போறீங்களோ அதுலயே பண்ணுங்க, வெளிய ரோட்டுல வந்த நம்பர பேஸ்மென்ட்டுக்குக் கொண்டு வந்தா பல பேருக்கு தாங்காது.

பவர் மீட்டர் (மிதிக்கிற வாட்ஸ அளக்குற கருவி) இல்லாதவங்களுக்கு என் கிட்ட ஒரு மீட்டர் இருக்கு, அது எங்க அம்மா. இங்க ராத்திரி எட்டு மணின்னா ஊர்ல காலைல ஆறரை, அம்மா காபி போட்டுக்கிட்டு இருக்குற நேரம், நான் ட்ரெய்னர்ல ஏறி மிதிச்சுக்கிட்டே போன் பண்ணுவேன். பால்காரன், பக்கத்து வீடு, சின்ன மாமா பொண்ணு கல்யாணம்னு பேச்சு ஓடும், நானும் முழுசு முழுசா பதில் சொல்லிட்டு வரணும். "ஏன்டா மூச்சு வாங்குது?"ன்னு அம்மா கேட்டுட்டா ஸோன் 3க்குப் போயிட்டேன்னு அர்த்தம், ஒரு கியர் எறக்கிடுவேன். மொத தடவ வீடியோ கால்ல பாத்துட்டு "எங்கயும் போகாத சைக்கிள எதுக்குடா இந்த மிதி மிதிக்கிற"ன்னாங்க, பதில் சொல்ல முடியல, மூச்சு நல்லாதான் இருந்துச்சு.

வாரத்துக்கு ஏழு எட்டு மணி நேரம் கிடைக்குதுன்னா நாலு நாளு ஓட்டுங்க, மூணு நாளு இந்த அம்மா வேகம், ஒரு நாளு மட்டும் ஸ்வீட் ஸ்பாட், அதாவது எஃப்டிபில 88லேருந்து 94 சதவீதம், பத்து நிமிஷம் மூணு தடவைன்னு ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ்குள்ள இருபது நிமிஷம் ரெண்டு தடவைன்னு கொண்டு வந்தா போதும். ஒவ்வொரு நாலாவது வாரமும் மணிக்கணக்க பாதியாக்குங்க. இது போரடிக்கும், தெரியும். போரடிக்குதேன்னு வேகத்த ஏத்துறதுதான் தப்பு, அந்த நடு வேகம் இருக்கே, மெதுவும் இல்ல வேகமும் இல்ல, அது களைப்ப மட்டும் கொடுக்கும். ஸ்விஃப்ட் ரேஸ் ஆசையா இருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அந்த வாரத்து ஸ்வீட் ஸ்பாட்டுக்கு பதிலா ஓட்டுங்க, அதுக்கு மேல போகாதீங்க. ஆனா ப்ரோ ஆளுங்க வான் டெர் போலும் வான் ஆர்ட்டும் டிசம்பர்ல சைக்ளோகிராஸ் (சேறு, மணல், புல்லுல ஓட்டுறது) ரேஸ் ஓட்டுறாங்களேன்னு ஒருத்தன் என் கிட்ட கேட்டான், தம்பி, அவங்களுக்கு அதுதான் வேலை, ரேஸ் முடிஞ்சா படுத்துக்கலாம், நீ திங்கக்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல நிக்கணும்.

பேஸ்மென்ட்

ட்ரெய்னர் எந்த கம்பெனிங்கறதுல ரொம்ப யோசிக்காதீங்க, பின் சக்கரத்த கழட்டிட்டு மாட்டுற டைரக்ட் டிரைவ் வகையா இருந்தா போதும். காசு மிச்சம் இருந்தா ஃபேன்ல போடுங்க, ஒண்ணு முன்னாடி நெஞ்சுக்கு நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. காத்து இல்லாம ஓட்டினா உடம்பு சூடாகி ஹார்ட் ரேட் ஏறிக்கிட்டே போகும், பவர் எறங்கும், ஃபிட்னஸ் போச்சுன்னு நீங்க தப்பா நெனச்சுக்குவீங்க. அபார்ட்மென்ட்டுன்னா கீழ ரப்பர் மேட் கட்டாயம், ட்ரெய்னர் சத்தத்த விட தரை வழியா போற அதிர்வுதான் கீழ் வீட்டுக்காரர மேல கூட்டிட்டு வரும்.

வேர்வைய பத்தி யாரும் எனக்கு சொல்லித் தரல. மூணு குளிர்காலம் ஒரே சைக்கிள ட்ரெய்னர்ல வச்சு ஓட்டினேன், ஒரு மார்ச்ல ஹேண்டில் திருப்பினா கரகரங்குது, ஹெட்செட்ட (ஹேண்டில் திரும்புற எடத்துல இருக்குற பேரிங் செட்) கழட்டிப் பாத்தா மேல் பேரிங் மழைல கெடந்த இரும்புச் சட்டி மாதிரி செவந்து போயிருக்கு, ஸ்டெம் (ஹேண்டில் பார புடிச்சிருக்குற பாகம்) போல்ட்டு தலை துரு புடிச்சு ஆலன் கீயே நிக்கல, பார் டேப்ப உரிச்சா உள்ள அலுமினியம் வெள்ளையா பூத்துப் போயி சின்னச் சின்ன குழி. ஹேண்டில் பார் நடு ரோட்டுல ஒடிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும். அதுலேருந்து ஹேண்டில்லேருந்து சீட் வரைக்கும் ஒரு பழைய துண்டு, ஓட்டி முடிச்சதும் ஈரத்துணியால ஸ்டெம், ஹெட்செட், போல்ட்டு எல்லாம் தொடச்சுடுவேன், பிப்ரவரில ஒரு தடவ ஹெட்செட்ட கழட்டி கிரீஸ் வைப்பேன். இருபது நிமிஷ வேலை.

எர்க் மோடுல ஓட்டுறவங்க கவனிங்க, நீங்க செட் பண்ண வாட்ஸ் மாறாது, கால் வேகம் கொறஞ்சா ட்ரெய்னர் இன்னும் இறுக்கும், இன்னும் கொறைவீங்க, இன்னும் இறுக்கும், கடைசில சேத்துல கால் மாட்டின மாதிரி நின்னுடுவீங்க. கஷ்டமான செட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேடென்ஸ (நிமிஷத்துக்கு எத்தன சுத்து மிதிக்கிறோம்ங்கறது) 95க்கு ஏத்தி வச்சுக்கோங்க. சாப்பாடும் விடாதீங்க, ஒரு மணி நேரம் 200 வாட்ஸ்ல மிதிச்சா 720 கிலோஜூல், உடம்பு செலவழிக்கிற கலோரியும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான், ஒன்றரை மணி நேரத்துக்கு மேலன்னா பக்கத்துல பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும்.

வெயிட் தூக்குங்க

சைக்கிள் ஓட்டுறவன் எலும்பு லேசா போற வாய்ப்பு உண்டு, ஏன்னா உடம்பு பாரத்த தாங்குற வேலை இதுல இல்ல, ஓட்டப்பந்தயக்காரனுக்கு அந்தப் பிரச்சனை இவ்வளவு இல்ல. அதுக்கே ஜிம் போகணும். இன்னொரு பக்கம், நார்வேல பென்ட் ரோன்னஸ்டாட் பண்ண ஆராய்ச்சிங்க காட்டுறது என்னன்னா கனமான வெயிட், கொஞ்சம் ரெப்ஸ், வாரத்துக்கு ரெண்டு நாளு, ஒரு பத்து பன்னெண்டு வாரம், அது சைக்கிள் பவருக்கே உதவுது. ஹாஃப் ஸ்குவாட், ஒத்தக் கால் லெக் பிரஸ், முட்டிய மேல தூக்குற ஹிப் ஃப்ளெக்‌ஷன், கெண்டைக்கால் ரெய்ஸ், இந்த நாலுதான் அடிப்படை. மொத மூணு வாரம் காலி பார்ல பழகுங்க, ஃபார்ம் யாராவது தெரிஞ்சவங்க பாக்கட்டும், ரெண்டு நாள் படி எறங்கறப்ப அழுவீங்க, அது சரியாயிடும். ஜிம் நாள்ல ஒண்ண கஷ்டமா ஓட்டுற நாள்லயே வச்சுக்கோங்க, அப்பதான் மெதுவான நாள் உண்மையிலயே மெதுவா இருக்கும். பிப்ரவரிக்கு மேல வாரத்துக்கு ஒரு நாள் போதும், சுத்தமா விட்டா சேத்தது கரைஞ்சிடும்.

வெளிய போகணும்னா

என் சட்டம்: மைனஸ் அஞ்சுக்குக் கீழ ரோடு இல்ல, உறைபனி மழைன்னா எந்த டிகிரிலயும் இல்ல. பூஜ்யம் டிகிரில முப்பது கிமீ வேகத்துல போனாலே முகத்துக்கு மைனஸ் ஆறு மாதிரிதான் இருக்கும். உடம்பு பாத்துக்கும், விரல்தான் மொதல்ல போகும், அதனால ரெண்டு ரெண்டு விரலா சேந்து இருக்குற லாப்ஸ்டர் கிளவுஸ், ஷூவுக்கு மேல கவர், சாக்ஸுக்கு மேல ஒரு ரொட்டி பிளாஸ்டிக் கவர். கெளம்பறப்ப லேசா குளிரணும், வாசல்லயே கதகதன்னு இருந்தா பத்து கிமீல நனைஞ்சு அப்புறம் நடுங்குவீங்க. பாட்டில்ல சுடுதண்ணி. ரோட்டுல கொட்டுற உப்பு செயின ஒரே ராத்திரில ஆரஞ்சு கலராக்கும், வந்ததும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, தொடச்சு, வெட் லூப் (ஈர ரோட்டுக்குன்னு இருக்குற செயின் ஆயில்) போட்டுட்டுதான் நீங்க குளிக்கப் போகணும்.

குளிரே வேண்டாம்னா மில்டன் வெலோட்ரோம் (கூரைக்குள்ள இருக்குற சைக்கிள் ரேஸ் தடம்) இருக்கு, 2015 பான் ஆம் கேம்ஸுக்கு கட்டினது, 250 மீட்டர் மரத் தடம், வளைவுல 42 டிகிரி சாய்வு. மொத தடவ கீழேருந்து பாத்தா சொவரு மாதிரிதான் தெரியும். அங்க ஓட்டுற சைக்கிளுக்கு பிரேக் கெடையாது, ஃப்ரீவீலும் கெடையாது (சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும்), மேல ஏறிட்டு மெதுவா போனா வழுக்கிடும், சர்டிஃபிகேஷன் கிளாஸ் முடிச்சாதான் விடுவாங்க. கூட்டத்துல நேர்க்கோட்டுல ஓட்ட கத்துக்க இத விட நல்ல எடம் எனக்குத் தெரியல.

ஊருக்குப் போற மூணு வாரம்

டிசம்பர்ல டிக்கெட் போட்டாச்சு, ட்ரெய்னிங் போச்சுன்னு புலம்பாதீங்க. ஐரோப்பா டீமுங்க டிசம்பர்ல ஸ்பெயின்ல கால்பேன்னு ஒரு கடலோர ஊருக்கு கேம்ப் போறாங்க, நமக்கு ஈசிஆர். சைக்கிள மூட்டை கட்டி தூக்கிட்டுப் போறத விட அங்க தெரிஞ்சவங்க கிட்ட உங்க சைஸுல ஒண்ணு சொல்லி வைங்க, சீட்டும் பெடலும் மட்டும் கொண்டு போனா போதும். திருவான்மியூர்லேருந்து மாமல்லபுரம் போயிட்டு வந்தா தொண்ணூறு கிமீ கிட்ட வரும், சமதரை, எதிர்காத்து, ஸோன் 2க்குன்னே போட்ட ரோடு மாதிரி. காலைல அஞ்சுக்குக் கெளம்பிடணும், எட்டுக்கு மேல வேன் டிரைவருங்க உங்கள பாக்க மாட்டாங்க. மைனஸ்லேருந்து போயி எறங்கின மொத மூணு நாலு நாள் ஒரு மணி நேரம் மட்டும், வெயிலுக்கு உடம்பு பழக ரெண்டு வாரம் ஆகும். புயல் மழை வந்தா வீட்டுலயே இருங்க, தேங்கின தண்ணிக்கு அடில என்ன பள்ளம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கல்யாண சாப்பாடு பத்தி நான் எதுவும் சொல்லல.

பிப்ரவரி, மார்ச்

இப்பதான் வேகம். பிப்ரவரில த்ரெஷோல்டு (எஃப்டிபி கிட்ட ஓட்டுறது), மார்ச்ல விஓ2 மேக்ஸ், அதாவது எஃப்டிபில 106லேருந்து 120 சதவீதத்துல மூணு நிமிஷம் அஞ்சு தடவ, நடுவுல மூணு நிமிஷம் ரெஸ்ட். வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல வேண்டாம், மூணாவது நாள் பண்ணத் தோணும், அப்ப நான் சொன்ன அந்தப் பெரியவர நெனச்சுக்கோங்க. ரோடு காஞ்சதும் ஒரு நாள் ராட்டில்ஸ்னேக் பாயிண்ட் பக்கம் ஏப்பிள்பி லைன் ஏத்தத்துக்குப் போங்க, பேஸ்மென்ட்டுல எழுந்து நின்னு மிதிக்கப் பழகியிருக்க மாட்டீங்க, முதுகும் கையும் எங்க பலவீனம்னு அந்த ஏத்தம் சொல்லிடும்.

ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி செயின் செக்கர் (செயின் எவ்வளவு தேஞ்சு நீண்டிருக்குன்னு பாக்குற கருவி) வச்சுப் பாருங்க, 0.5 சதவீதம் தாண்டியிருந்தா மாத்திடுங்க, டியூப்லெஸ் டயர்னா குளிர்காலத்துல காஞ்சு போன சீலன்ட்ட (உள்ள ஊத்துற, ஓட்டைய அடைக்கிற திரவம்) சுரண்டி எடுத்துட்டு புதுசு ஊத்துங்க. இன்னொண்ணு, பனி உருகினதும் உப்போட போட்ட மணலு ரோட்டோரம் வளைவு வளைவா குவிஞ்சு கெடக்கும், ஏப்ரல்ல தெருக் கூட்டுற வண்டி வர்ற வரைக்கும் அது அங்கயேதான் இருக்கும், அஞ்சு மாசம் ட்ரெய்னர்ல திரும்பாம ஓட்டின ஞாபகத்துல மொத நாளே வேகமா வளைக்காதீங்க.